கறுப்புக் கரை போட்ட மன்னிப்பு

என்னைத் தெருவில் கண்டால் எங்கள் பக்கத்து ஆட்கள் சுகம் கேட்பதில்லை. "ஆர் அண்ணை?" என்றுதான் கேட்பார்கள். யார் செத்தது என்பதன் சுருக்கம் அது. இருபது வருடத்துக்கு மேலாகச் சுன்னாகத்தில் உள்ள ஓர் அச்சகத்துக்கு மரண அறிவித்தல் எழுதிக் கொடுப்பது என் தொழில். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டும் எழுதுவேன். கல்வெட்டு என்றால் உளியெடுத்துக் கல்லில் வெட்டுவதல்ல. செத்தவரைப் பற்றிப் பாட்டெழுதி, படம் போட்டு, சின்னப் புத்தகமாக அடித்து, அன்று சாப்பிட வருகிறவர்களின் கையில் கொடுப்பது. என் கல்வெட்டுகளில் இதுவரை ஒரு கெட்டவரும் செத்ததில்லை. செத்தவர்களும் என் எழுத்தைப் பற்றி ஒரு முறைகூடக் குறை சொன்னதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவு காலம் எழுதினேன்.

அத்தானின் கல்வெட்டையும் நான்தான் எழுதினேன். நாற்பது பாட்டு. அன்பில் கடல், பொறுமையில் பூமி, கொடையில் மழை. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை வாசித்தாள். பிறகு புத்தகத்தை மூடி, "தம்பி, ஆர் உவர்?" என்று கேட்டாள்.

அத்தான் போனபிறகு அக்கா கறித்தூள் செய்யத் தொடங்கினாள். சண்டிலிப்பாயில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, வறுக்க மூன்று பெரிய தாச்சி, ஓர் அரைக்கிற இயந்திரம், ஆறு பெண்கள். செத்தல் மிளகாயும் மல்லியும் வறுபடும் நாட்களில் அந்த ஒழுங்கையால் போகிறவர்கள் தும்மிக்கொண்டே போவார்கள். மூன்று வருடத்தில் அந்தத் தூள் சுன்னாகத்துக் கடைகளுக்கு ஏறி, அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகிற ஆட்களின் சூட்கேசுகளுக்குள்ளும் ஏறிவிட்டது. அந்த ஆறு பெண்களில் நாலு பேருக்கு அந்தத் தாச்சியை விட்டால் வேறு வழியில்லை. இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பிறகு நடந்ததெல்லாம் இதைத் தெரிந்துகொண்டே நான் செய்தது.

பைக்கற்றில் போட வசனம் எழுதித் தரச் சொன்னாள். "தாயின் கைமணம்" என்று எழுதினேன்.

"ஆறு பேர் வறுக்கினம். எந்தத் தாய்?" என்று வெட்டிவிட்டாள்.

ஆனாலும் வேறு ஆள் இல்லாததால் முகநூல் பக்கத்தை என்னிடம் தந்தாள். "நீ பெயரைப் பாத்துக்கொள், நான் தூளைப் பாக்கிறன்" என்றாள். வீட்டுக்கு வந்து மனிசியிடம் நான் இனி மக்கள் தொடர்பு அதிகாரி என்று சொன்னேன். அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்கவில்லை. "செத்தவீடு வந்தால் மட்டும்தானே மக்கள் உங்களைத் தொடர்பு கொள்ளுறவை" என்றாள்.

நான் பயந்த ஆள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். போன் அடித்தால் யார் செத்தது என்றுதான் முதலில் நினைப்பேன். பிறகுதான் எடுப்பேன். தொழில் அப்படி.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, எட்டு எட்டரை இருக்கும், எங்கள் பக்கத்தில் ஒரு படம் வந்தது. வெள்ளைக் கோப்பையில் கொட்டிய எங்கள் தூள். நடுவில் ஒரு கறுத்த வண்டு, காலை மடக்கிக்கொண்டு கிடந்தது. கீழே வட்டுக்கோட்டையில் இருக்கும் ஒரு தாய் எழுதியிருந்தார்: "இந்தத் தூளிலை கறி வைச்சுக் குடுத்தனான். ஏழு வயசு மகள் விடிய விடியச் சத்தி எடுத்து, இப்ப ஆஸ்பத்திரியிலை சேலைன் ஏறுது. பைக்கற்றை நல்லா அரிச்சுப் பாத்துப் பாவியுங்கோ."

நான் அதை மூன்று முறை வாசித்தேன். நாலாவது முறை வாசிக்கும்போது எழுத்து ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு பிள்ளை. ஏழு வயது. என் தொழிலில் வயதைத்தான் முதலில் கேட்பேன். வயது சின்னதாக இருந்தால் அன்று என்னால் சாப்பிட முடியாது. இப்போது என் மண்டைக்குள் அந்த எண் போய் உட்கார்ந்துகொண்டது, எழும்ப மாட்டேன் என்றது.

முதலில் செய்தது முட்டாள் வேலை. அந்தப் பதிவையும் அதற்குக் கீழே வந்த கருத்துகளையும் அழித்தேன். சுவரில் ஒட்டியதைக் கிழித்தால் இல்லாமல் போய்விடும் என்று பழகியவன் நான். அரை மணித்தியாலத்தில் அந்தப் படம் பத்து இடத்தில் வந்தது, "அழிச்சுப்போட்டினம்" என்ற தலைப்போடு. யாரோ, "உதுக்குள்ளை என்ன ஒளிக்கினம்?" என்று கேட்டிருந்தார். லண்டனிலிருந்து ஒருவர் தன் சூட்கேசிலிருந்த பைக்கற்றுகளைக் குப்பைத் தொட்டியில் போடும் வீடியோ போட்டிருந்தார். பின்னணியில் சோகமான வயலின் வேறு.

சண்டிலிப்பாய்க்கு ஓடினேன். கொட்டகையில் தாச்சிகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. ஆறு பெண்களும் சுவரோடு வரிசையாக இருந்தார்கள். ஒருத்தியின் கையில் போன். மற்ற ஐவரும் அதற்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஆறு முகமும் திரும்பின.

ஒருத்தி கேட்டாள், "அண்ணை, பிள்ளைக்கு ஒண்டுமில்லைத்தானே?"

"ஒண்டுமில்லை" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

அக்கா உள்ளே, மல்லி மூடைகளுக்கு நடுவில் குந்தியிருந்தாள். ஒரு மூடையின் அடியில் கையை விட்டு அள்ளி, மூக்கருகே கொண்டுபோய் மணந்துகொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "தம்பி, அந்தப் பிள்ளையின்ரை தாயிட்டை மன்னிப்புக் கேட்டு எழுது. நேரா எழுது. பாட்டெழுதாதை" என்றாள்.

"நான் பாக்கிறன் அக்கா. நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்றேன். பயந்துகொண்டிருந்தது நான்தான்.

அச்சகத்தின் பின்னறையில் இருந்து எழுதினேன். நேராகத்தான் எழுதத் தொடங்கினேன், சத்தியமாக. ஆனால் பேனை இருபது வருடம் ஓடிய தடத்தில்தானே ஓடும். பயத்தில் கை தானாக எழுதியது. வந்தது இதுதான்:

"ஆழ்ந்த துயருடன் அறியத்தருகின்றோம். வட்டுக்கோட்டையைச் சேர்ந்த எமது மதிப்புக்குரிய வாடிக்கையாளரின் செல்வப் புதல்விக்கு நேர்ந்த நிலையறிந்து ஆறாத் துயரில் மூழ்கியுள்ளோம். அன்னாரின் குடும்பத்தினருக்கு எமது மனவருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கின்றோம். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

கீழே எங்கள் தூளின் பெயரைப் போட்டு எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. நல்ல எழுத்து என்று நினைத்தேன்.

அச்சகக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் கதைக்காதவர். தாளை வாங்கி ஒரு பார்வை பார்த்தார்.

"படம் தரேல்லையோ?"

"படம் வேண்டாம்."

"எப்பிடிப் போட?"

என் காதில் அப்போது லண்டன்காரரின் வயலின்தான் கேட்டுக்கொண்டிருந்தது. "வழமைபோலப் போடுங்கோ" என்றேன்.

வழமைபோலப் போட்டார். என் கையெழுத்தில் வருகிற தாளுக்கு அவரிடம் ஒரே அச்சுத்தான்: சுற்றிவரத் தடித்த கறுப்புக் கரை, மேலே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. அடித்த தாளைக் கொண்டுவந்து காட்டினார். நான் பார்த்தேன். அதுதான் வெட்கக்கேடு, பார்க்காமல் விட்டேன் என்று சொல்ல முடியாது. நன்றாகப் பார்த்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். கறுப்புக் கரை என் கண்ணுக்குத் தெரியவேயில்லை. மீன்காரனுக்கு மீன் வாடை தெரியாததுபோல.

நோட்டீசு ஒட்டுகிறவர் அன்று பின்னேரமே சுன்னாகத்திலிருந்து வட்டுக்கோட்டை வரைக்கும் ஒட்டிவிட்டார். அவருக்கும் வழமையான இடங்கள்தான்: சந்தை மதில், புகையிரத நிலையத்துப் பக்கம், கோயில் முகப்பு, கல்லூரி வளவின் பழைய மதில். நான் அதையே படம் பிடித்து முகநூலிலும் போட்டேன்.

போட்ட உடனே திட்டுகள் நின்றுவிட்டன. அனுதாபங்கள் வரத் தொடங்கின. கை கூப்பிய படங்கள், எரியும் மெழுகுதிரிகள், "ஆழ்ந்த இரங்கல்". எங்களைப் பார்த்து இரங்குகிறார்கள் என்று நினைத்தேன். மனிசியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தீரே, எழுத்தின்ரை வலு."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறியதைக் கண்டேன். ஆனால் மகள் வந்து ஏதோ கேட்க அவள் எழும்பிப் போய்விட்டாள். அன்று அவள் சொல்ல வந்தது என்னவென்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

மறுநாள் சனிக்கிழமை காலை சுன்னாகம் சந்தைக்குப் போனேன். நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. வெங்காயக் கடைக்காரர் நிறுத்த வெங்காயத்தை என் பைக்குள் கொட்டிக்கொண்டே கேட்டார்:

"எத்தினை மணிக்கு அண்ணை எடுக்கினம்?"

"ஆரை?"

"உந்தத் தூள் சாப்பிட்ட பிள்ளையை. பாவம். பச்சைப் பிள்ளை."

கையில் இருந்த பை விழுந்தது. வெங்காயங்கள் உருண்டு ஓடின. ஒருவரும் பொறுக்கவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவுக்குள் பிள்ளை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஏழு வயது. எங்கள் தூள். அக்காவின் தாச்சி. வாய்க்குள் இரும்பு நக்கியதுபோல ஒரு ருசி.

"ஆர் சொன்னது?" என்றேன்.

அவர் வெங்காயம் பிடித்த கையால் மதிலைக் காட்டினார். நடந்து போனேன். கறுப்புக் கரை. இரண்டு குத்துவிளக்கு. ஆழ்ந்த துயருடன் அறியத்தருகின்றோம்.

அது என்னுடைய எழுத்து என்று கண்டபோது வந்த நிம்மதியை எப்படிச் சொல்ல? பிள்ளை சாகவில்லை! நான்தான் சாகடித்திருக்கிறேன்! அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. அடுத்த மூச்சில், இந்தத் தாள் வட்டுக்கோட்டையிலும் ஒட்டியிருக்கிறது என்ற நினைவு வந்தது.

அந்தத் தாயின் வீட்டு ஆட்களிடம் நேரே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று மோட்டார் சைக்கிளை எடுத்தேன். இதில் என்ன பிழை என்று அப்போது விளங்கவில்லை. வழியில் கல்லூரி மதிலருகே இரண்டு பெண்கள் நின்று அந்த நோட்டீசை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் போவதைக் கண்டதும் ஒருத்தி மற்றவளின் தோளைத் தொட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். இருவரும் எனக்குப் பின்னால் நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். யாருக்கும் நிச்சயம் தெரியாது. நோட்டீசு சொல்கிறது, ஆனால் ஆஸ்பத்திரியில் நிற்கும் தாயின் போன் காலையிலிருந்து வேலை செய்யவில்லை. தகப்பன் கொழும்பில் வேலையில், அவரும் எடுக்கவில்லை. இருக்குமோ, இராதோ என்று மெதுவாகக் கதைத்துக்கொண்டு நின்ற அந்தக் கூட்டத்தின் நடுவில் நான் போய் இறங்கினேன். வெள்ளைச் சேட்டு. கமக்கட்டுக்குள் பைல். இருபது வருடமாகச் செத்தவீட்டுக்குப் போகிற அதே கோலம்.

"ஐயோ, நோட்டீஸ்காரர் வந்திட்டார்!" என்று யாரோ கத்தினார்கள்.

பிள்ளையின் பெரியம்மா, அந்தத் தாயின் அக்கா, என் முகத்தைப் பார்த்தா. அதுவரை நம்பாமல் நின்றவ. என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டா. அந்த அழுகையை எழுத எனக்குத் தெரியாது. எத்தனையோ செத்தவீட்டில் கேட்டிருக்கிறேன், பாட்டிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் அது என்னைக் கண்டு, என்னால் எழுந்த அழுகை. மற்றப் பெண்களும் அவவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தொடங்கிவிட்டார்கள்.

"இல்லை, பிள்ளை…" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. சாகவில்லை என்ற சொல்லை நான் தொழிலில் ஒரு தடவையும் பாவித்ததில்லை.

ஒரு வயதான மனிதர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோனார். "தம்பி, போன முறை மூத்த அண்ணையின்ரை செத்தவீட்டிலை என்ரை பெயரை விட்டிட்டீர். இந்த முறை தாத்தாமார் பக்கத்திலை போடாமல் சிறியதந்தையார் எண்டு ஒழுங்காப் போடும்." கண்ணில் நீர் வழிந்தபடிதான் சொன்னார். அதற்குள் நாற்காலிகள் அடுக்கிய ஒரு சின்ன லொறி பின்பக்கமாக வந்து நின்றது. பந்தல்காரர். எனக்குத் தெரிந்தவர், நாங்கள் இருவரும் ஒரே வீடுகளுக்குப் போகிறவர்கள்.

"நீங்கள் நிக்கிறீங்கள்தானே, அப்ப சரி" என்றார். "நீங்கள் வந்தால்தான் அண்ணை நான் கதிரை இறக்கிறனான்."

கதிரைகள் இறங்கத் தொடங்கின. பிளாஸ்ரிக் கதிரைகள் ஒன்றின் மேல் ஒன்று விழும் அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு போன் அடித்தது. பெரியம்மாவின் மடியில் கிடந்த போன். யாரோ எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரை அமத்தினார்கள்.

"அக்கா, என்ரை போனிலை சார்ஜ் முடிஞ்சுபோச்சு. இது பக்கத்துக் கட்டில்காரியின்ரை. பிள்ளைக்கு மாத்துடுப்பு ரெண்டு…" என்று தொடங்கிய குரல் நின்றது. அழுகை அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "அக்கா? ஏன் அழுறியள்? ஆர்? அக்கா, அவருக்கு என்ன நடந்தது? மறைக்காமல் சொல்லுங்கோ! கொழும்பிலை என்ன நடந்தது?"

அந்தக் குரலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பிள்ளை பக்கத்தில் இருக்கிறது. அதனால் வேறு யாரோ போய்விட்டார்கள் என்று அவ தேடுகிறா. கணவனை நினைத்துவிட்டா. நான் எழுதிய நாலு வரி அந்த மனிசியின் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டு போகிறது.

பெரியம்மாவுக்கு வாய் வரவில்லை. "பிள்ளை… எங்கடை பிள்ளை…" என்றா.

"பிள்ளைக்கு என்ன? பிள்ளை இஞ்சை இருந்து பிஸ்கற் தின்னுறாள்!"

கதிரை இறக்கின ஆள் கையில் கதிரையோடு அப்படியே நின்றுவிட்டான். பிறகு போனிலிருந்து ஒரு சின்னக் குரல், வாய் நிறையப் பிஸ்கற்றோடு: "பெரியம்மா, எனக்கு இண்டைக்கு ஊசி போடேல்லை."

எல்லாரும் ஒரே நேரத்தில் அழுதார்கள், ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பிறகு, ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சிறியதந்தையார்தான் முதலில் என் கழுத்துப் பட்டியைப் பிடித்தார். வயதுக்கு நல்ல பலம். இன்னும் இரண்டு பேர் நெருங்கினார்கள். பந்தல்காரர் குறுக்கே வந்தார்.

"அடிக்கிறதெண்டால் அங்காலை கொண்டுபோய் அடியுங்கோ. கதிரை புதுசு."

அந்த மனிதருக்கு நான் கொண்டுவந்து கொடுத்த வேலைக்கு அவ்வளவுதான் நன்றி. ஆனால் அந்தச் சொல்லில் இரண்டு பேர் சிரித்ததால்தான் நான் தப்பினேன். பெரியம்மா அதற்குள் நோட்டீசைப் பற்றிப் போனில் சொல்லிவிட்டா; உள்ளிருந்து தாயின் குரல் கேட்டது, இப்போது மிகவும் அமைதியாக. "அந்த நோட்டீஸ் எழுதினவர் அங்கை நிக்கிறாரோ? அவரிட்டைக் குடுங்கோ."

வாங்கினேன்.

"இஞ்சை வாங்கோ. உங்கடை அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இப்ப வாங்கோ."

அவ்வளவுதான். கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடந்ததைச் சொல்லிக்கொண்டே போனேன். பாதி வழியில் என் தோளில் தட்டி நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன்.

"வண்டு எங்கடைதான்" என்றாள். "மழை நாளிலை வந்த மல்லி. படங்கிலை விரிச்சனாங்கள், வெயில் காணேல்லை. அரைகுறையாக் காய்ஞ்சதை அள்ளிக் கட்டிப்போட்டம். நேற்று மூடையின்ரை அடியிலை இன்னும் மூண்டு கண்டனான்."

"அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன், இதை மட்டும் சொல்லாதேங்கோ. சுகாதாரப் பரிசோதகர் நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் அவவைக் கண்டவராம். அவ எழுத்திலை முறைப்பாடு குடுத்தால் கொட்டகையைப் பூட்டுவினம். கடையிலை வண்டு பூந்திருக்கும் எண்டு சொல்லலாம். அவவின்ரை குசினி அடுப்படியிலை…"

"நீ நேற்று எழுதினாயே, அதிலை வண்டு எண்டு ஒரு சொல் இருந்ததோ?"

யோசித்துப் பார்த்தேன். ஆழ்ந்த துயர் இருந்தது. ஆறாத் துயர் இருந்தது. செல்வப் புதல்வி இருந்தாள். வண்டு இல்லை.

"எடு வண்டியை" என்றாள்.

தாய் ஆஸ்பத்திரி வாசலில், வேப்பமரத்தடியில் நின்றா. ஒரு கையில் சுடுதண்ணிப் போத்தல், தோளில் கைப்பை. நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. இரண்டு இரவு நித்திரை இல்லாத கண். கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தா. முறைப்பாட்டுப் படிவம். எல்லாம் நிரப்பியிருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை. அந்த வெறும் இடத்திலேயே என் கண் நின்றது. ஆறு பெண்கள் அந்தப் புள்ளிக்கோட்டின் மேல் வரிசையாகக் குந்தியிருப்பதுபோல இருந்தது.

அக்கா மோட்டார் சைக்கிளால் இறங்கிய உடனே சொல்லிவிட்டாள். "தங்கச்சி, வண்டு எங்கடைதான். மழையிலை மல்லி சரியாக் காயேல்லை. நான் பாத்திருக்கோணும். பாக்கேல்லை."

தாய் வாயைத் திறந்து மூடினா. இல்லை என்று நாங்கள் மறுப்போம், அதற்கு என்ன சொல்வது என்று காத்திருந்த நேரம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்தவ போல. சேர்த்ததற்கு வேலையில்லாமல் போய்விட்டது. சுடுதண்ணிப் போத்தலை நிலத்தில் வைத்தா.

"வாட்டிலை இன்னும் ஆறேழு பிள்ளையளுக்கு இதே வயித்து வருத்தம்" என்றா. "தண்ணியாலை வந்திருக்கலாமாம். உங்கடை தூளாலைதான் எண்டு டொக்டர் சொல்லேல்லை. இல்லையெண்டும் சொல்லேல்லை."

"இப்போதைக்கு நாங்கள் ஒண்டும் விக்கமாட்டம்" என்றாள் அக்கா. "அந்த மல்லியிலை அரைச்சதெல்லாம் கடையளிலையிருந்து இண்டைக்கே எடுக்கிறம்."

தாய் என் பக்கம் திரும்பினா. "உங்களைப் பிள்ளை பாக்கோணுமாம்."

மாட்டேன் என்று சொல்லத் தைரியம் இல்லாததால் போனேன். கட்டிலில் மெலிந்த ஒரு பெண் பிள்ளை, கையில் பிளாஸ்ரர் ஒட்டிய இடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் செத்திட்டனெண்டு எழுதினது நீங்களோ மாமா?"

"அப்பிடி எழுதேல்லை, குஞ்சு. பிழையா விளங்கிப்போச்சு."

"என்ரை பெயர் போட்டனீங்களோ?"

"இல்லை."

"ஏன் போடேல்லை?" என்றாள். உண்மையாகவே ஏமாற்றம்.

வாட்டுக்கு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுதியபோது அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கும் என்றே நான் நினைக்கவில்லை.

தாய் அன்று பின்னேரம் முகநூலில் எழுதினது மூன்றே வரி: "பிள்ளை சுகமா இருக்கிறாள். தூளிலை வண்டு இருந்தது உண்மை. தூள்காரர் வந்து ஒத்துக்கொண்டினம்." அக்கா அதற்குக் கீழே ஒரு வரி எழுதச் சொன்னாள். நான் எழுதியதை அவள் மூன்று தரம் வெட்டினாள். கடைசியில் மிஞ்சியது: "எங்கள் பிழை. மன்னிக்கவும்." என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே சின்ன எழுத்து அதுதான், ஆனால் அதற்குத்தான் அதிகம் வேர்த்தது.

முறைப்பாட்டில் கையெழுத்து வைக்காமலிருக்கத் தாய் போட்ட முதல் நிபந்தனை: ஒட்டிய நோட்டீசையெல்லாம் நானே கிழிக்க வேண்டும், ஆள் விடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வாளித் தண்ணீரும் தகட்டுக் கத்தியுமாகச் சுன்னாகத்திலிருந்து வட்டுக்கோட்டை வரைக்கும் சுரண்டிக்கொண்டு போனேன். போகிற வருகிறவர்கள் நிறுத்தி, "ஆர் அண்ணை?" என்று கேட்டார்கள். "ஒருத்தருமில்லை" என்றேன். நம்பியவர்கள் குறைவு. எழுத்துப் போய்விட்டது. கறுப்புக் கரை மட்டும் பல இடத்தில் போகவில்லை. கல்லூரி மதிலில் இன்றைக்கும் நாலு பக்கக் கரை இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லாமல்.

இரண்டாவது நிபந்தனைதான் என்னைத் தின்றுகொண்டிருக்கிறது. தாய் முறைப்பாட்டில் கையெழுத்து வைக்கவில்லை. கிழித்துப் போடவும் இல்லை. "இது என்ரை கைப்பையிலை கிடக்கும்" என்றா. "ஒவ்வொரு முறையும் வறுத்து அரைச்சால் முதல் பைக்கற் எனக்கு வரோணும். நான் பாத்துப் போன் பண்ணினால்தான் மற்றது வெளிக்கிடலாம்." அக்கா உடனே ஓம் என்றாள். கடைகள் மெதுவாகத் திரும்பி வாங்கத் தொடங்கினதும் அந்தத் தாய் பார்க்கிறா என்ற ஒரே காரணத்தால்தான். இப்போது சுன்னாகத்தில், "வட்டுக்கோட்டைத் தாய் பாத்தாவோ?" என்று கேட்டுத்தான் எடுக்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு வாரமும் முதல் பைக்கற்றை நான்தான் கொண்டுபோகிறேன். வெள்ளைச் சேட்டு விட்டுவிட்டேன். பச்சைக் கோடு போட்டது ஒன்று வாங்கினேன். அப்படியிருந்தும் அந்த ஒழுங்கையில் ஒரு கிழவர் என்னைக் கண்டால் எழும்பி நிற்கிறார். தாய் கதவைத் திறந்து, பைக்கற்றை வாங்கி, கண்ணாடியை எடுக்கக் கைப்பையைத் திறப்பா. அப்போது மடித்த தாளின் மூலை தெரியும். நான் தெரியாதவன்போல முற்றத்து முருங்கையைப் பார்ப்பேன். "பாத்திட்டுச் சொல்லுறன்" என்று கதவைச் சாத்துவா. பிள்ளை யன்னலால் கையசைப்பாள். பெயரை இன்னும் நான் கேட்கவில்லை.

இன்று காலமை எட்டு மணிக்கே கொடுத்துவிட்டு வந்தேன். மணி பதினொன்றாகிறது. மற்ற நாளில் ஒரு மணித்தியாலத்தில் போன் வந்துவிடும். கொட்டகையில் பைக்கற்றுகள் அடுக்கிக் கட்டி ஆயத்தமாக இருக்கின்றன. ஆறு பெண்களும் சுவரோடு இருக்கிறார்கள். போன் மேசையில், நான் பக்கத்தில். வெளியே மழை இருட்டுக் கட்டியிருக்கிறது.

"இன்னும் வரேல்லை அக்கா" என்றேன்.

அக்கா வானத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு கட்டிய பெட்டிகளில் ஒன்றை அவிழ்த்து, மேலே கிடந்த பைக்கற்றை வெட்டி, அரிதட்டில் கொட்டிச் சலித்தாள்.

"அவ பாக்கட்டும்" என்றாள். "நாங்களும் இன்னொருக்கால் பாப்பம்."